கிண்டிலுக்கு மஞ்சள் ஒளி: பிரிப்பதற்கு முன் படியுங்கள்

அமேசானின் மின்நூல் கருவியான கிண்டிலில், 2012இல் வந்த முதல் பேப்பர்ஒயிட் மாடல் தொடங்கி, 2021க்கு முன் வந்த பேப்பர்ஒயிட்கள் அனைத்திலும் முன்விளக்கு வெறும் வெள்ளைதான். இரவில் அது கண்ணை உறுத்துகிறது என்று கருவியைப் பிரித்து மஞ்சளாக்கப் பார்க்கிறார்கள். ஆசையில் குறையில்லை. வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல எல்இடி. மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்கிவிட, மீதி அப்படியே வெளியே வருகிறது. அந்த நீலத்தின் உச்சம் ஏறக்குறைய 450 நானோமீட்டர். இது பகலா இரவா என்று உடலுக்குச் சொல்லும் மெலனாப்சின் என்ற விழித்திரை நிறமி அதிகம் கிளர்வது 480ஐ ஒட்டி. இரண்டுக்கும் இடையே தூரம் குறைவு என்பதால், வெள்ளை ஒளி உடலுக்கு இரவையும் பகலாகக் காட்டுகிறது.

பிசான நெற்பருவத்தில் வயலோர வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படிப்பவர்களுக்கு வெள்ளை ஒளி தேடி வரும் பூச்சிகள் தனித் தொல்லை. அகச்சிவப்புத் தொடுதிரை கொண்ட பழைய கருவிகளில் பூச்சி உட்கார்ந்தாலே பக்கம் திரும்பிவிடும்!

திருகாணியைத் தொலைப்பது, மேல்சட்டத்தைக் கத்தியால் நெம்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை யாருக்கும் ஒரே முறையில் புரிந்துவிடும். ஆரம்பத்தில் நான் செய்த கோளாறுகளையே பாளையங்கோட்டையில் என் மேஜைக்கு வருகிற புதியவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். அவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உடனடிப் பசை

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். திரையின் அடிவிளிம்பில் எல்இடிகள் வரிசையாக இருக்கும். அவற்றின் ஒளி, திரைமேல் படிந்திருக்கும் தெளிவான ஒளித்தகட்டுக்குள் ஓரம் வழியாக நுழைகிறது. எல்இடியின் முகத்துக்கும் தகட்டின் ஓரத்துக்கும் இடையே மஞ்சள் வடிகட்டி ஒன்றைச் செருகினால் போதும். இதற்கு கேப்டான் டேப் மிகவும் ஏற்றது. ஆரஞ்சு நிறத்தில், சூடு தாங்கும் இந்த டேப்பை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு எளிய வேலையில் உடனடிப் பசைக்கு என்ன இடம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டேப் கிடைக்காதவர்கள் மஞ்சள் கண்ணாடித்தாளை வெட்டுகிறார்கள். தாள் நழுவுகிறது. உடனே கை அந்தச் சின்ன ட்யூபைத் தேடிப் போகிறது. செருப்பு முதல் சீப்பு வரை அதில் ஒட்டிப் பழகிய கை.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். தாளை வெட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு பிசிறு இல்லை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு சொட்டு வைத்து, காயும் முன்பே மூடிவிட்டார். மறுநாள் விளக்கைப் போட்டால் அடிவிளிம்பிலிருந்து கால்வாசித் திரைக்குக் கோலமாவை ஊதிவிட்டது போல வெண்படலம். அந்தப் படலத்துக்கு நடுவே அவருடைய கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தது. "அண்ணாச்சி, ஒரு சொட்டுதானே வைத்தேன்" என்றார்.

சொட்டு அளவில் எதுவும் இல்லை. இந்தப் பசையில் இருக்கும் சயனோஅக்ரிலேட் என்ற வேதிப்பொருளில் ஒரு பகுதி, இறுகும் முன் ஆவியாகிறது. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை. பக்கத்துப் பரப்பில் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் துகளாக இறுகுகிறது. விரல்பட்ட ஈரமும் உப்பும் இருக்கும் இடத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். தடயவியல் துறையினர் கண்ணுக்குத் தெரியாத கைரேகையை வெளிக்கொணர இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தம்பி தன் கருவியைத் தானே ஒரு தடயவியல் பெட்டியாக்கிவிட்டார்.

ஒளித்தகட்டுக்கு இது ஏன் சாவு என்றால், அதற்குள் ஒளி வெளியேறாமல் இரு பரப்பிலும் மோதித் திரும்பியபடி (முழு அக எதிரொளிப்பில்) ஓடுகிறது. தகட்டில் பதித்த நுண்புள்ளிகள் மட்டுமே அதைக் கீழே இருக்கும் பக்கத்தின்மீது இறக்கிவிட வேண்டும். மேற்பரப்பில் படலம் விழுந்தால் ஒளி அங்கேயே சிதறி வெளியேறிவிடும். அடிப்பகுதி பளபளக்கும், எழுத்து மங்கும், மேல்பாதிக்கு ஒளி போதாது. துடைத்தும் சரிசெய்ய முடியாது. பசையைக் கரைக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக் தகட்டையும் கெடுத்துவிடும். பெரும்பாலான மாடல்களில் தகடு திரையோடு ஒட்டியே வருவதால் முழுத் திரையையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய கருவியையே தேடலாம். மூன்று மாதம் கடை வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய கருவி என்று அந்தத் தம்பி சொன்னபோது எனக்கு அவர்மேல் வந்த கோபம், பசைமேல் திரும்பிவிட்டது. இன்னும் தணியவில்லை.

பசையே வேண்டியதில்லை. எல்இடியின் உயரத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் அதிகமாக, புது பிளேடால் கண்ணாடிமேல் வைத்து, ஒரே நீளப் பட்டையாக டேப்பை வெட்டுங்கள். அதிகப்படியை எல்இடி பொருந்திய நாடாவின் முதுகுப்பக்கம் மடித்துவிடுங்கள். டேப்பின் சொந்தப் பசையே பிடித்துக்கொள்ளும். துண்டு துண்டாக ஒட்டினால் இடைவெளி வழியே வெள்ளைக் கீற்றுகள் கிளம்பும்.

எல்இடிமேல் நகப்பூச்சு, மார்க்கர்

வேண்டாம்.

எல்இடியையே மாற்றுவது

பற்றவைப்பை உருக்கும் ஹாட் ஏர் கருவியும் பொறுமையும் இருந்தால் செய்யலாம். ஆனால் 'ஆம்பர்' (மஞ்சள்-ஆரஞ்சு) எல்இடி வாங்கிப் போடாதீர்கள். வெள்ளைக்கு ஏறக்குறைய 3 வோல்ட் தேவை. ஆம்பருக்கு 2 போதும். இணையாக இணைத்த வரிசையில் இரண்டும் கலந்தால் ஆம்பர் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும், மற்றவை மங்கும். 2700 கெல்வின் என்று போட்ட, மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை வாங்குங்கள். அதற்குள்ளும் அதே நீல எல்இடி என்பதால் வோல்ட் ஒத்துப்போகும்.

பேட்டரி

இணைப்பை முதலில் கழற்றுங்கள். பிறகு மற்றதெல்லாம்.

ஆடிக்காற்றில் பிரிப்பது

செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். தகட்டில் விழும் ஒவ்வொரு தூசும் இரவில் ஒரு நட்சத்திரம். பத்தமடைப் பாய் படுக்க அருமையானது. அதன்மேல் வைத்துப் பிரித்தால் கோரைப்பிசிறு உள்ளே போகும். வெறும் மேஜை போதும்.

திரைக்கு மேல் மஞ்சள் ஃபிலிம்

பிரிக்கப் பயப்படுபவர்களுக்கு இது ஆபத்தில்லாத வழி. பகலிலும் பக்கம் மஞ்சளாகத்தான் இருக்கும், அவ்வளவே. அதைவிட, கருவியில் வசதி இருந்தால், ஒளியை மிகக் குறைத்துவைத்துக் கறுப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்து என்று மாற்றிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

அமைப்புகளைப் பார்க்காமல் வருவது

தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவரிடம் இருந்தது 2021 பேப்பர்ஒயிட். ஒளியின் நிறத்தை மாற்றும் பட்டை அதிலேயே இருக்கிறது. 2019 ஓயாசிஸிலும் உண்டு.

மூடும் முன்

மேல்சட்டத்தை ஒட்டுவதற்கு முன் பேட்டரியை இணைத்து, அறையை இருட்டாக்கி, ஒளியை மிகக் குறைத்தும் மிகக் கூட்டியும் பாருங்கள். வெள்ளைக் கீற்று தெரிந்தால் பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டுப் பட்டையை நகர்த்துங்கள். நிறம் போதவில்லை என்றால் இன்னும் ஒரு அடுக்கு வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் மாலை நேரப் படிப்புக்கு வெளிச்சம் பற்றாது.