‘வாட் டூ யூ டூ’வா, ‘வாட் ஆர் யூ டூயிங்’கா?

தமிழில் ‘என்ன செய்கிறாய்?’ என்று ஒரே கேள்வியை வைத்து ஒருவரின் வேலையையும் கேட்கலாம், இந்த நிமிடம் என்ன செய்கிறார் என்றும் கேட்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘வாட் டூ யூ டூ?’, பின்னதற்கு ‘வாட் ஆர் யூ டூயிங்?’ என்று பிரித்தே ஆகவேண்டும். நாம் தடுமாறுவது இங்கேதான்.

வாயைத் திறக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்று சொன்னால் பொருந்துகிறதா? பொருந்தினால் வினைச்சொல்லோடு ‘இங்’ (-ing) சேருங்கள். வழக்கம், நிரந்தரம் என்றால் சிம்பிள், அதாவது ‘இங்’ இல்லாத வடிவம். ‘ஐ லிவ் இன் மதுரை’ என்றால் ஊரே அதுதான். ‘ஐ ஆம் லிவிங் இன் மதுரை’ என்றால் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற தொனி வந்துவிடும்.

அப்புறம் நோ (know, தெரிந்திருப்பது), வான்ட் (வேண்டும் என்பது), பிலீவ் (நம்புவது) மாதிரி மனநிலையைச் சொல்லும் சொற்கள். இவற்றுக்கு ‘இங்’ பெரும்பாலும் ஒட்டாது, ‘ஐ ஆம் நோயிங்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். ‘ஹேவ்’ மட்டும் கொஞ்சம் குறும்பு: ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, சாப்பிடுவது ஒரு செயல். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ தப்பு, அண்ணன் தம்பி இருப்பது செயலா என்ன? ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’, அவ்வளவுதான்.