பழைய ஏஜென்டின் கணக்கை முடிப்பது எப்படி?

'ரிசர்வேஷன்', 'இந்தியன் ஏஜென்ட்' என்று நான் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "ஊருக்கு டிக்கெட் போடுறீங்களா?" என்றாள் மனைவி. இது வேறு விஷயம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பூர்வகுடி மக்களை ஒதுக்கி வைத்த நிலத்துக்குப் பெயர் ரிசர்வேஷன். அங்கே அரசாங்கத்தின் பணம், மாவு, மாடு, போர்வை எல்லாவற்றையும் வாங்கி விநியோகித்தவர் இந்தியன் ஏஜென்ட். 1834 சட்டப்படி அவருக்கு ஆண்டுச் சம்பளம் 1,500 டாலர். கையில் புரண்டதோ அதைப்போலப் பல மடங்கு. வேலையை விட்டுப் போன பிறகு பலரின் பெயரில் 'அரசுக்குப் பாக்கி' என்று ஒரு தொகை தொங்கிக்கொண்டிருக்கும். அது உண்மையான பாக்கிதானா என்று பார்ப்பது எப்படி?

தணிக்கைப் பிரிவில் 31 வருஷம் சிவப்பு மை தொட்டவன் நான். ஓய்வுக்குப் பிறகு இந்தக் கோப்புகளில் மாட்டிக்கொண்டேன். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் பாக்கித் தொகையைப் பார்க்காதீர்கள். முதலில் ஜாமீன் பத்திரத்தின் (கையாளும் அரசுப் பணத்துக்குப் பொறுப்பேற்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்தது) தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நியமனத்துக்கும் புதுப் பத்திரம், புது ஜாமீன்தாரர்கள். முதல் நான்கு வருஷத்துப் பற்றாக்குறையை இரண்டாம் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் தலையில் கட்ட முடியாது. அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு பத்திரம் என்றால் கணக்கும் இரண்டு. இதைக் கவனிக்காமல் நான் ஒருமுறை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அடுத்தது, காகிதம் எந்த வழியாகப் போனது என்று தெரிய வேண்டும். ஏஜென்ட் காலாண்டுக்கு ஒருமுறை வவுச்சர்களோடு கணக்கு அனுப்புவார். இந்தியர் விவகார அலுவலகம் (1849க்கு முன் போர்த்துறையில், அப்புறம் உள்துறையில்) முதலில் பார்க்கும். பிறகு கருவூலத்தின் இரண்டாம் ஆடிட்டர், அதற்கு மேல் இரண்டாம் கன்ட்ரோலர். 1894இல் இந்த ஏற்பாடு மாறி, உள்துறைக்கான ஆடிட்டர் கைக்குப் போய்விட்டது. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அலுவலகக் கடிதங்கள் 75ஆம் பதிவுத் தொகுதியில் இருக்கும், கருவூலக் கணக்குகள் 217இல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1881 வரை வந்த கடிதங்கள் 'எம் 234' என்ற மைக்ரோஃபில்ம் வரிசையில் 962 சுருள்கள். ஏஜென்சியின், அதாவது ஏஜென்ட் இருந்த அலுவலகத்தின், பெயரை வைத்துத் தேடுங்கள், ஆளின் பெயரை வைத்து அல்ல.

இப்போது ஒரு நீளத்தாள். வவுச்சர் எண், தேதி, தொகை, எந்த நிதித் தலைப்பு, ஆடிட்டர் என்ன சொன்னார், ஏஜென்ட் என்ன பதில் எழுதினார், கடைசியில் என்ன ஆனது. ஆடிட்டர் சொல்வது இரண்டு வகை. 'நிறுத்திவைப்பு' என்றால் விளக்கம் கேட்கிறார், இன்னும் கதவு மூடவில்லை. 'மறுப்பு' என்றால் மூடிவிட்டது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் ஒரு யோக்கியனைத் திருடன் ஆக்கிவிடுவீர்கள். காரணத்தையும் படியுங்கள். சாட்சி கையெழுத்து இல்லை, பள்ளிக்கூடப் பணத்தில் விதை வாங்கினார், ஜூன் 30உடன் முடிந்த நிதியாண்டுப் பணத்தை ஜூலைச் செலவுக்கு எடுத்தார்... இதெல்லாம் விதிமீறல்தான், ஆனால் சட்டைப்பைக்குப் போன பணம் இல்லை.

வழக்குக்குப் போயிருந்தால் 1797 சட்டத்தை மனதில் வையுங்கள். கருவூலத்தின் கணக்கு நகலையே நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கும். முதலில் ஆடிட்டரிடம் காட்டி மறுக்கப்பட்ட வரவைத்தான் (பாக்கியில் கழிக்கச் சொல்லும் தொகையை) பிரதிவாதியான ஏஜென்ட் அங்கே கேட்க முடியும், சில விதிவிலக்குகள் தவிர. ஆகவே ஒவ்வொரு வவுச்சரும் எப்போது போய்ச் சேர்ந்தது என்ற தேதிதான் உயிர்.

வவுச்சரே எரிந்துபோனால்? மினசோட்டாவில் 1862 ஆகஸ்ட் 18 அன்று டக்கோட்டா பூர்வகுடி மக்கள் 'கீழ் ஏஜென்சி' என்ற அலுவலகத்தைத் தாக்கினார்கள். அரசிடமிருந்து வர வேண்டிய ஆண்டுத்தொகை வராமல் பசியில் வெந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். 71,000 டாலர் தங்கக் காசு அதே நாளில்தான் ஃபோர்ட் ரிட்ஜ்லி ராணுவக் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. கட்டடங்கள் எரிந்தன. அப்படிப்பட்ட இடத்தில் ரசீதுக்கு எங்கே போவது? 1866இல் வந்த சட்டம், கடமையில் இருந்தபோது தன் தவறில்லாமல் பணமோ காகிதமோ இழந்த அதிகாரி உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்க வழி செய்தது. இப்படிப்பட்ட இழப்பு என்றால் அந்த நீதிமன்றப் பதிவையும் தேடுங்கள்.

பணக்கணக்கு முடிந்ததும் பலர் எழுந்துவிடுகிறார்கள். பொருள் கணக்கு தனி, உட்காருங்கள். இங்கேதான் எனக்குக் கை நடுங்கும். மாவு பெற்றதற்குக் கையெழுத்துக்குப் பதிலாக வரிசையாகப் பெருக்கல் குறிகள், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் சாட்சி. கூட்டல் கச்சிதமாக இருக்கும். ஆனால் நெப்ராஸ்காவின் ரெட் கிளவுட் ஏஜென்சியில், புதைபடிவம் தேடி வந்த பேராசிரியர் மார்ஷிடம் தலைவர் ரெட் கிளவுட் எடுத்துக் கொடுத்தது தாங்கள் பெற்ற மாவு, காப்பி, புகையிலையின் மாதிரிகளை. மார்ஷ் அதை வாஷிங்டன்வரை கொண்டுபோனார். 1875இல் விசாரணைக் குழு உட்கார்ந்து மாவின் தரத்தையும் மாட்டின் எடையையும் கிளறியது. அதே வருஷம் உள்துறைச் செயலர் டெலானோ பதவி விலகினார். ஆகவே பொருள் கணக்கில் தொகை சரி என்று எழுதும்போது, எடை யார் போட்டது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். எல்லா வழியும் அடைபட்ட ஏஜென்ட் தன் பெயரில் நிவாரண மசோதா கேட்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போவார். குழுவின் அறிக்கை காங்கிரஸின் அச்சிட்ட தொகுப்பு வரிசையில் இருக்கும், சில நேரம் மறுக்கப்பட்ட வவுச்சர் பட்டியலோடு. அதை முதலில் தேடுங்கள். நான் கடைசியில் தேடினேன், நான்கு மாதம் நான் கையால் எழுதிய பட்டியல் அங்கே இரண்டே பக்கத்தில் அச்சாகிக் கிடந்தது.