கிளாஸ் 3 வரட்டும், பார்க்கலாம்: மொரீசியஸில் புயல் நாள் பயணத்தில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருமுனைக் கடைக்கு ஒரு கணக்கு உண்டு. வானொலியில் புயல் எச்சரிக்கை கிளாஸ் 1 என்றதும் ரொட்டி தீரும். கிளாஸ் 2 என்றதும் மெழுகுவர்த்தியும் டின் மீனும் தீரும். வீட்டுக்குத் திரும்பி வரும் பஸ்ஸைப் பற்றிய நினைப்பு மட்டும் கிளாஸ் 3 அறிவித்த பிறகுதான் வரும். அதற்குள் பஸ்ஸும் தீர்ந்திருக்கும்.

நவம்பர் தொடங்கி மே மாதத்தின் பாதி வரை இந்தத் தீவில் புயல் காலம். வீட்டைக் கெட்டியாகக் கட்டு, ஜன்னலை அடை என்று மொரீசியஸ்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1960இல் வந்த கரோல் புயல் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டுப் போனது. நாம் இன்னும் தடுமாறுவது சாலையில்தான். அதிலும் சொந்த வண்டி இல்லாமல் பஸ்ஸையும் மெட்ரோவையும் நம்பிப் போய்வருகிறவர்கள் ஒரே தவறை ஆண்டுதோறும் திரும்பச் செய்கிறோம்.

எண் காற்றைச் சொல்கிறது, தண்ணீரைச் சொல்வதில்லை

கிளாஸ் எண்ணை நாம் காய்ச்சலின் அளவுபோலப் படிக்கிறோம். 1 என்றால் லேசு, 2 என்றால் கொஞ்சம் அதிகம், 3 என்றால் ஆபத்து. உண்மையில் அது ஒரு கடிகாரம். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்று வீசி அடிக்க இன்னும் 36 முதல் 48 மணி நேரம் இருக்கிறது என்றால் கிளாஸ் 1. அதற்குமுன் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் நமக்குக் கிடைக்கும்படி அறிவிப்பது கிளாஸ் 2. ஆறு மணி நேரப் பகல் கிடைக்கும்படி அறிவிப்பது கிளாஸ் 3. அந்த வேகம் பதிவாகிவிட்டது, இன்னும் நீடிக்கும் என்றால் கிளாஸ் 4.

இதில் "பகல்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். புயல் நள்ளிரவில் வருவதாக இருந்தால், கிளாஸ் 3 வெயில் அடிக்கும்போதே வந்துவிடலாம். அப்போது நாம் வானத்தை அண்ணாந்து பார்த்து, "ஓர் இலைகூட அசையவில்லை, இதற்குள் ஏன் இந்த அமர்க்களம்?" என்கிறோம். அந்த அசையாத இலைகள்தான் நமக்குக் கொடுத்த அவகாசம். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருவதற்காகவே அந்த ஆறு மணி நேரம்.

மற்றொரு பக்கம்தான் இன்னும் மோசம். இந்த நான்கு எண்களில் எதுவும் மழையின் அளவைச் சொல்வதில்லை. 2013 மார்ச் 30, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. கிளாஸ் 1கூட இல்லாத நாள். தலைநகர் போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக 152 மி.மீ. மழை கொட்டியது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இறந்தது ஆற்றிலோ கடலிலோ அல்ல. துறைமுகத்தை ஒட்டிய கோடான் பக்கம் நெடுஞ்சாலைக்கு அடியில் செல்லும் நடைபாதைச் சுரங்கத்திலும், கட்டடத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்திலும். தினமும் பஸ் நிலையத்துக்கு நடந்துபோகிறவர்கள் கால் பழகிய வழி அது.

தலைநகரின் கிடப்பு அப்படி. பின்னால் மோகா மலைத்தொடர், லெ பூஸ் சிகரம் மட்டும் 812 மீட்டர். முன்னால் துறைமுகம். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். சரிவில் விழும் தண்ணீர் குட்டையான, செங்குத்தான ஓடைகளில் இறங்கி, சிமெண்ட் போட்ட நகரத்துக்குள் நுழைந்து, கடலுக்கு வழி தேடும். நகரத்தில் தூறலாக இருக்கும்போதே மலையில் பெய்தது கீழே வந்து சேர்ந்துவிடும். எனவே மழைக்குப் பயந்து சுரங்கப் பாதைக்குள் ஒதுங்குவது, "குறுக்கே போனால் ஐந்து நிமிடம் மிச்சம்" என்று அதற்குள் இறங்குவது, இந்த இரண்டையும் கிளாஸ் எண்ணைப் பார்க்காமலேயே விட்டுவிட வேண்டும். கனமழை என்றால் மேலேதான் நிற்க வேண்டும், நனைந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் ஏறினால் பக்கத்துக் கட்டடத்தின் மாடிக்குப் போகலாம்.

2024 ஜனவரி 15ஐ யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பெலால் புயல் பக்கத்துத் தீவான ரீயூனியனைத் தாக்கிவிட்டு நமக்குத் தெற்கே கடந்தது. காலையில் கிளாஸ் 2 நடப்பில் இருந்தது. கிளாஸ் 2 என்றால் பள்ளி மூடியிருக்கும், வேலை உண்டு. திங்கட்கிழமை வேறு. மக்கள் பஸ் ஏறிப் போர்ட் லூயிஸ் போனார்கள். பிறகு கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்து போன காட்சியை உலகமே பார்த்தது.

கனமழைக்குத் தனி எச்சரிக்கை இருக்கிறது. தீவில் பரவலாக 12 மணி நேரத்துக்குள் 100 மி.மீ. பெய்து, மேலும் சில மணி நேரம் பெய்யும் என்றால் அது அறிவிக்கப்படும். புயல் அறிக்கையைக் கேட்கும்போது "கிளாஸ் எத்தனை?" என்ற கேள்வியோடு வானொலியை அணைத்துவிடாமல், மழையைப் பற்றிய வரியையும் கேட்டுவிட்டு வாசலைத் தாண்டுங்கள்.

கடைசி பஸ் என்ற நம்பிக்கை

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மேலாளர் ஒருவர் இருந்தார். கிளாஸ் 3 என்று வானொலி சொல்லும் வரை யாரையும் கிளம்ப விடமாட்டார். சொன்னதும் எல்லாரையும் ஒரே நிமிடத்தில் அனுப்புவார். நகரத்திலிருந்த மற்ற மேலாளர்களும் அதே வானொலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விக்டோரியா பஸ் நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ரோஸ் ஹில் வரிசை வளைந்து வளைந்து தெருவுக்கே வந்திருந்தது. ஒரு பஸ் வந்தது. கதவுப் படியில் தொங்கிய கண்டக்டர், டிக்கெட் இயந்திரத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, "நெப்லி ஏனா ப்லாஸ்!" என்று கத்தினார். இடமில்லை. அடுத்ததிலும் அதே. மூன்றாவதில் ஒற்றைக் காலில் நின்று போ பாசேன் வரை வந்தேன்.

கடைசி பஸ்ஸைப் பற்றி அன்று புரிந்தது: அது காலியாக வராது. நிலையத்திலேயே நிரம்பிவிடுவதால் வழியில் உள்ள நிறுத்தங்களில் நிற்கவும் நிற்காது. நிலையத்திலிருந்து தள்ளி, நடுவழியில் கைகாட்டி ஏறிப் பழகியவர்கள் அன்று மட்டும் நிலையத்துக்கே போவது நல்லது. இரண்டு பஸ் மாறிப் போகிறவர்கள் இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டும். முதல் பஸ் கிடைத்து இரண்டாவது கிடைக்காமல், தெரியாத ஊரின் கூரையில்லாத நிறுத்தத்தில் மாட்டிக்கொள்வதைவிட, கிளம்பிய இடத்திலேயே இருந்திருக்கலாம். வடக்கே போகிறவர்களுக்கு இமிகிரேஷன் சதுக்கத்து பஸ் நிலையத்திலும் இதே கதைதான். நம் பாட்டன் பூட்டன்கள் கப்பலிலிருந்து இறங்கிய ஆப்ரவாசி காட் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய தாழ்ந்த நிலம், தண்ணீர் தேங்கும் இடம்.

மேலாளரிடம் பேசுவதற்கு உகந்த நேரம் கிளாஸ் 2. "நான் இரண்டு பஸ் மாற வேண்டும், முன்னதாகப் போகிறேன்" என்று காலையிலேயே சொல்லிவைத்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு எல்லாரும் ஒன்றாகக் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

மெட்ரோ வந்த பிறகு புதிதாக ஒரு தவறு சேர்ந்திருக்கிறது: "பஸ் இல்லாவிட்டால் மெட்ரோ இருக்கிறதே." 2020இல் ரோஸ் ஹில் வரையும், 2022இல் கியூர்பிப் வரையும் ஓடத் தொடங்கிய இந்த வண்டி நம் பழக்கத்தை நிறையவே மாற்றிவிட்டது. பழைய ரயில் ஓடிய தடத்தையே பெரும்பாலும் பிடித்துப் போவதால் பெரியவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசமும் உண்டு. ஆனால் அது மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து ஓடுகிற வண்டி. ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் அந்த இடத்தைச் சுற்றிப் போக அதற்கு வேறு வழி கிடையாது. பஸ்ஸுக்குச் சந்து பொந்தாவது உண்டு. காற்று பலத்தால் பஸ்ஸுக்கு முன்பே மெட்ரோ நிற்கலாம். நின்றுவிட்டது என்று தெரிந்ததும் நடைமேடையில் காத்திருப்பது வீண். பஸ் நிலையத்துக்கு நகருங்கள், அல்லது பாதுகாப்பான கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

"ஷோஃபர், போய்விடலாம்!"

தண்ணீர் ஓடும் சாலைக்கு முன் ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் செய்கிற முதல் காரியம் அவரை உசுப்பேற்றுவது. நானும் செய்திருக்கிறேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே நடக்கிறவரைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும். 60 செ.மீ. பெரிய வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். பஸ் உயரமானது என்பதால் இருக்கையிலிருந்து பார்க்கும்போது தண்ணீர் எப்போதும் குறைவாகவே தெரியும். அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்பது கலங்கல் நீரில் யாருக்கும் தெரியாது.

அதேபோல, "நம் வீடு அதோ தெரிகிறது" என்று இறங்கி நடப்பதும் வேண்டாம். வெள்ளத்தின் அழுத்தத்தில் சாக்கடை மூடிகள் தூக்கி எறியப்பட்டிருக்கும். பழுப்புத் தண்ணீர், அதில் சின்னதாக ஒரு சுழி. மூடியில்லாத குழி இருக்கும் இடத்தை அந்தச் சுழி மட்டும்தான் காட்டும். சில நேரம் அதுவும் காட்டாது. ஓட்டுநர் திருப்பிக்கொண்டு நிலையத்துக்கே போனால் முணுமுணுக்காமல் கூடவே போங்கள்.

தைப்பூசக் காலத்தின் மாலைகள்

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. காவடி எடுக்கிறவர்கள் தைப்பூசத்துக்குப் 10 நாள் முன்பு விரதம் தொடங்கி, தினமும் மாலையில் கோயிலுக்குப் போய்வருவார்கள். தைப்பூசமோ ஜனவரி, பிப்ரவரியில் வருவது. புயல் காலத்தின் உச்சியும் அதுதான். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25. கணக்குப் போட்டுப் பாருங்கள், பெலால் எப்போது வந்தது என்று.

விரதத்தை முறிக்கக் கூடாது என்று குடையும் பால்செம்புமாகக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போகும்போது பஸ் இருக்கும். பூஜை முடிந்து ஏழு மணிக்கு வெளியே வந்தால், சாதாரண நாளிலேயே பஸ்கள் குறைந்துவிடும் நேரம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 2005 முதல் பஸ் பயணம் இலவசம் என்பதால் நம் பெரியவர்கள் எங்கும் தயங்காமல் போய்விடுகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் புயல் நாளில் அவர்கள் எந்த பஸ்ஸில் திரும்புவார்கள் என்பதை வீட்டில் ஒருவர் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். கிளாஸ் 2 நாளில் வீட்டு விளக்கின் முன் கும்பிட்டால் முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று என் பெரியம்மாவிடம் சொன்னேன். "அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், உன் பெரியப்பாதான் கோபித்துக்கொள்வார்" என்றார்.

காற்று நின்றதும் கிளம்புவது

புயலின் கண் நேரே தலைக்கு மேல் வந்தால் காற்று சட்டென்று அடங்கும், சில நேரம் நட்சத்திரம்கூடத் தெரியும். புயல் போய்விட்டது என்று வெளியே வருகிறவர்களை, கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். மதிலின் எந்தப் பக்கம் ஒதுங்கி நின்றோமோ அந்தப் பக்கமே அடிவாங்கும். அறிக்கை சொல்லும் வரை புயல் முடியவில்லை.

அறிக்கை முடிந்தாலும் பஸ் உடனே வராது. கிளாஸ் 3, 4க்குப் பிறகு காற்று தணிந்தும் ஆபத்து மிச்சமிருந்தால் பாதுகாப்பு அறிக்கை என்று ஒரு கட்டம் உண்டு. விழுந்த மரங்களையும் அறுந்த மின்கம்பிகளையும் அகற்றும் நேரம் அது. அந்த நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர் தனக்கும் உதவாமல், வெட்டுகிறவர்களுக்கும் இடைஞ்சலாக இருப்பார்.

சில்லறைத் தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வரும் அறிக்கையின் தேதியையும் நேரத்தையும் பார்க்காமல் நம்புவது. போன புயலின் அறிக்கை இந்தப் புயலில் சுற்றும். கையில் ரொக்கமில்லாமல் கிளம்புவது. மின்சாரம் போனால் பண இயந்திரமும் போகும். போனை 20 சதவீதத்தில் வைத்துக்கொண்டு வெளியேறுவது. காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 114, தீயணைப்புக்கு 115 என்பதைப் போனில் மட்டும் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யாமல் இருப்பது. தமிழ்நாட்டிலிருந்தோ ரீயூனியனிலிருந்தோ வந்த உறவினர்களை விமானம் ஏற்றிவிட பிளேசான்ஸுக்கு பஸ்ஸில் கிளம்புகிறவர்கள், முதலில் விமானம் பறக்கிறதா என்று கேளுங்கள். தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது விமான நிலையம். போய்ச் சேர்ந்த பிறகு ரத்து என்று தெரிந்தால் திரும்புவதற்கு பஸ் இருக்காது.

மறுநாள் வரும் முதல் பஸ்ஸில் ஏறும்போது பலகையைப் பார்த்து மட்டும் ஏறாதீர்கள். கியூர்பிப் என்று எழுதியிருக்கும், ஆனால் ஃபீனிக்ஸ் தாண்டி மரம் கிடக்கும். படியில் கால் வைக்கும் முன் கண்டக்டரிடம் "எதுவரை போகிறது?" என்று கேட்டுவிடுங்கள். அன்று அவருக்கும் அதற்கான பதில் பாதி வழியில்தான் தெரியவரும். ஆனாலும் எந்த நிறுத்தம் வரை நிச்சயம் என்பதைச் சொல்லிவிடுவார்.