சொந்த ஓவியத்துக்குக் குறள் வெண்பா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாம் வரைந்த படத்துக்கு நாமே வெண்பா எழுத உட்கார்ந்தால், படத்தில் இருப்பதைத்தான் முதலில் எழுதத் தோன்றும். பெரிய தவறே அதுதான்.

கதவோரம் சாய்த்து வைத்த ஈரக் குடையை நீர்வண்ணத்தில் வரைந்திருந்தேன். முதலில் எழுதிய குறளில் கறுப்புக் குடை, பச்சைக் கதவு, தரையில் தேங்கிய நீர் எல்லாம் இருந்தன. குறளுக்கு உள்ள ஏழு சீரும் (சீர் என்றால் அசைகள் சேர்ந்த, ஏறக்குறைய ஒரு சொல்லளவான செய்யுள் அலகு) அதிலேயே தீர்ந்துவிட்டன. படத்தில் இல்லாதது எது என்று யோசித்தேன். குடையைக் கொண்டுவந்த ஆள்! அப்புறம் வந்தது இது:

குடையிங்கே காய்கிறது கொண்டுவந்த பாதம்
விடைசொல்லிப் போன தெவர்க்கு

நிறமும் கதவும் படத்திலேயே இருக்கின்றன, பாட்டில் வேண்டாம். 'சோகம்', 'தனிமை' என்று உணர்ச்சிக்குப் பெயர் சொல்லிவிடுவதும் இதே தவறுதான். பார்ப்பவர் உணர வேண்டியதை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது தளை, அதாவது ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் இணையும் முறை. முதலடிக்கு நான்கு சீர், இரண்டாமடிக்கு மூன்று என்று எண்ணிவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது. மெய்யெழுத்தை விட்டு எண்ணினால், ஓரெழுத்து அசை (பா, காய்) நேரசை, குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை (குடை, உலர்) நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மாச்சீர், நிரையில் முடிந்தால் விளச்சீர். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய்ச்சீர். மாச்சீருக்குப் பின் நிரையசை வர வேண்டும். விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேரசை. மேலே 'காய்கிறது' இருக்கும் இடத்தில் 'உலர்கிறது' என்று போட்டுப் பாருங்கள். பொருள் மாறவில்லை, ஆனால் 'குடையிங்கே' காய்ச்சீர், 'உலர்' நிரையசை. தளை தட்டிவிடும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கு ஒலி அமைப்புகளில் ஒன்றாக இருக்க வேண்டும், 'போனது எவர்க்கு' என்பதைப் பிரித்ததில் வரும் 'தெவர்க்கு' பிறப்பு.

தளை தட்டும்போது 'அன்றோ', 'அம்மா' என்று எதையாவது செருகி ஓட்டையை அடைக்காதீர்கள். ஏழே சீரில் ஒன்று வெறுமனே கிடந்தாலும் கண்ணில் உறுத்தும். எதுகைக்காக, வரையாத நிலவைக் கொண்டுவருவதும் வேண்டாம்.

ஹைக்கூ என்ற மூன்றடி ஜப்பானியக் குறுங்கவிதையை எழுதுகிறவர்கள் அடிக்கு 5-7-5 என்று தமிழ் எழுத்தை எண்ணிக்கொண்டு திணறுவதைப் பார்க்கிறேன். அது ஜப்பானிய ஒலியலகின் கணக்கு. அதைவிட, ஜப்பானில் ஓவியராகவும் கவிஞராகவும் இருந்த பூசோன் (1716–1784) போன்றவர்களின் ஹைகாவைப் பார்ப்பது பயன் தரும். ஹைகா என்றால் ஒரே தாளில் படமும் ஹைக்கூவும் சேர்ந்து நிற்பது.

சரி, பாட்டைப் படத்தின் மேலேயே எழுதப் போகிறீர்களா? அதற்கான வெற்றிடத்தைப் பென்சில் கோடு போடும்போதே விட்டுவையுங்கள். முடிந்த படத்தில் இடம் தேடினால், மூச்சுவிட விட்டிருந்த வெள்ளைப் பரப்பில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். இடம் விடவில்லையென்றால் தனித்தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.