வெப்பநாட்டு ஜெர்மன் ராணுவ உடைகள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

வெயிலில் வெளிறிய ஒரு பருத்திக் கோட்டு. பக்கத்தில் "ரோமெலின் படைவீரர் அணிந்தது" என்று ஒரு வரி. ரோமெல், இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் படையை நடத்திய தளபதி. ஏலப் பட்டியலில் இப்படி ஒன்றைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. அப்படி வாங்கிய என் முதல் தொப்பி, வீட்டுக்கு வந்த அன்று இரவே தன் குட்டை உடைத்துக்கொண்டது. அது எப்படி என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. முதலாவது, 1914-க்கு முந்தைய காலனிப் படைகள். தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய நமீபியாவில், வீரர்கள் சாம்பல் நிறக் கார்டுராய் துணியில் உடுத்தினார்கள். வலப்பக்க விளிம்பை மடித்துக் குத்திய ஃபெல்ட் தொப்பி அவர்களுடைய அடையாளம். தொப்பிப் பட்டையின் நிறத்தைப் பார்த்தாலே காலனி தெரிந்துவிடும்: தென்மேற்குக்கு நீலம், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வெள்ளை, கேமரூனுக்குச் சிவப்பு. கிழக்கு ஆப்பிரிக்காவின் அஸ்காரி வீரர்களுக்கு, அதாவது ஜெர்மன் படையில் சேர்ந்த ஆப்பிரிக்கர்களுக்கு, காக்கி. 1914 நவம்பரில், இன்றைய டான்சானியாவில் உள்ள டாங்காவில் நடந்த சண்டையில் அந்தக் காக்கிக்காரர்களை எதிர்த்து இறங்கிய இந்தியப் படையில் 63-வது பாளையங்கோட்டை காலாட்படையும் இருந்தது.

இந்த உடைகளுக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்த படையின் சீருடை இது. அதை இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொள்ள 2021 ஆனது. இன்றும் நமீபியாவின் ஓகாஹாண்ட்யாவில் ஆகஸ்ட் மாத நினைவு நாளில் ஹெரேரோ ஆண்கள் அந்தச் சீருடையின் சாயலில் உடுத்தி அணிவகுக்கிறார்கள். எதிரியின் உடையைத் தங்கள் நினைவுச் சின்னமாகவே மாற்றிக்கொண்டார்கள்.

காலனிக் கால அசல்கள் அரிது, விலையும் அதிகம். ஆகவே தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவது உலகத்துக்குத்தான் வருவார்கள்: 1941 பிப்ரவரியில் திரிப்போலியில் இறங்கி 1943 மே மாதம் துனீசியாவில் சரணடைந்த ஆப்பிரிக்கா கோர் என்ற ரோமெலின் படையின் காலம்.

படி 2: சோலா தொப்பியில் தொடங்குங்கள்

தக்கையின் மேல் கான்வாஸ் போர்த்தி, இரு பக்கமும் சிறு உலோகக் கேடயம் பதித்த தொப்பி இது. வீரர்களுக்கு இது பிடிக்கவில்லை. முன்விளிம்பு நீண்ட துணித் தொப்பியையே விரும்பினார்கள். அந்த வெறுப்பு நமக்கு லாபம்: அதிகம் அணியப்படாததால் நிறையவே மிஞ்சியிருக்கின்றன. உள்ளே வியர்வைத் தோல்பட்டையில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பழகிக்கொள்ள இதைவிட நல்ல பொருள் இல்லை.

படி 3: கோட்டை உள்பக்கமாகப் பாருங்கள்

புதியவர்கள் நேராக மார்பில் இருக்கும் கழுகைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் கோட்டைப் புரட்டுங்கள்.

தரைப்படையின் கோட்டு பருத்தித் துணி. தைக்கப்பட்டபோது அதன் நிறம் மணல் அல்ல, ஆலிவ் பச்சை. வெயிலும் துவைப்பும்தான் அதை மணல் நிறமாக்கின. அனுபவசாலி போலத் தெரிய வேண்டும் என்று புதிதாக வந்தவர்கள் தாங்களே வெளுத்துக்கொண்டதும் உண்டு. இந்த வெளிறல்தான் நமக்குச் சாட்சி. பாக்கெட் மூடியைத் தூக்குங்கள், காலரின் அடியைப் பாருங்கள், தையல் மடிப்பை லேசாகப் பிரியுங்கள். வெயில் படாத அந்த இடங்களில் பச்சை இன்னும் அடர்த்தியாக இருக்க வேண்டும். மடிப்புக்குள்ளும் வெளியிலும் ஒரே வெளிறல் என்றால், அது பெரும்பாலும் வாளியில் முக்கி வெளுத்தது. கழுகுச் சின்னத்துக்கும் இதே கணக்குதான். அதன் விளிம்புக்கு அடியில் துணி சற்றுக் கருத்திருந்தால் நல்லது. கருத்த தடம் ஒரு வடிவம், மேலே தைத்திருக்கும் சின்னம் வேறு வடிவம் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் முத்திரைகள். உள்பக்கத்தில் ஐந்து எண்கள் அச்சாகியிருக்கும்: நடுவில் மார்பளவு, சுற்றிலும் முதுகு, கழுத்து, மொத்த நீளம், கை நீளம். பக்கத்தில் 'பி 41' போலக் கிடங்கு எழுத்தும் ஆண்டும். பி என்றால் பெர்லின். டேப் எடுத்து அளந்து பாருங்கள். எண்ணுக்கும் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச். போருக்குப் பிந்தைய நூல்களிலும் சோப்புத் தூள்களிலும் இருக்கும் வெளுப்பு ரசாயனம் இருட்டில் நீலமாக ஒளிரும். என் தொப்பியின் தையல் நூல் முழுக்கத் தீபாவளி மத்தாப்பு மாதிரி ஒளிர்ந்தது. ஆனால் ஒளிர்ந்தாலே போலி என்று முடிவு கட்டாதீர்கள்; அசலை யாராவது பிற்பாடு துவைத்திருந்தாலும் ஒளிரும். துணி ஒளிராமல், நூல் மட்டும் ஒளிர்ந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

"பாக்கெட்டில் இன்னும் சகாரா மணல் இருக்கிறது" என்பார்கள். மணல் எந்தக் கடற்கரையிலும் இலவசமாகக் கிடைக்கும்.

இன்னொன்று. இதே பருத்தி உடையைத் தெற்கு ஐரோப்பாவில், இத்தாலியிலும் கிரேக்கத்திலும், கோடையில் போர் முடியும் வரை அணிந்தார்கள். உடை அசலாக இருக்கும், ஆனால் ஆப்பிரிக்காவைப் பார்த்தே இருக்காது. விற்பவர் சொல்லும் ஆப்பிரிக்கக் கதைக்கு ஆவணம் இல்லையென்றால், அதற்கென்று ஒரு ரூபாய் கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

படி 4: சட்டம்

நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகா உள்ள பொருளை ஜெர்மனியில் தனிப்பட்ட முறையில் வீட்டில் வைத்திருக்கலாம். பொதுவில் காட்டுவதும் பரப்புவதும் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின் கீழ் வரும். ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அங்குள்ள விற்பனையாளர்கள் படங்களில் சின்னத்தை மறைத்து ஒட்டியிருப்பது இதனால்தான். வேறு நாட்டிலிருந்து வரவழைத்தால், உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

படி 5: வீட்டில் வைப்பது

துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். வியர்வைக் கறையும் வெளிறலும் போனால் பொருளின் பாதி போய்விடும். கம்பி ஹாங்கரில் தொங்கவிட்டால் தோள் கிழியும். அமிலம் இல்லாத தாளை மடிப்புகளுக்குள் சுருட்டி வைத்துப் பெட்டியில் படுக்க வையுங்கள். கம்பளி தின்னும் அந்துப்பூச்சி பருத்தியைப் பெரிதாகச் சீண்டாது. ராமபாணப் பூச்சி விடாது. புழுக்கமான ஊர் என்றால் பூஞ்சைதான் பெரிய எதிரி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதாமாதம் மாற்றுங்கள். எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியிலேயே போடுங்கள். அதைக் குண்டூசியால் துணியில் குத்திவிடாதீர்கள், துருப்பிடிக்கும்.