டிஸ்க் விலகி கால் இழுக்குதா? பாய் விரிச்சு வீட்லயே பண்ற பயிற்சிகள், முதல்ல இருந்து

எனக்கு எல்5-எஸ்1, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்ல, இடுப்புக்கு அடில இருக்கிற கடைசி டிஸ்க். புது கேஸ் சிலிண்டர் வாசல்ல இருந்துச்சு, உள்ள கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேத்தா 30 கிலோ பக்கம் வரும், அதை உருட்டாம குனிஞ்சு தூக்கி அப்படியே உடம்ப திருப்பி அடுப்புக்கு கீழ வச்சேன். அன்னைக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள் காலைல பல்லு விளக்க வாஷ்பேசின்ல குனிஞ்சப்ப இடது புட்டத்துல ஆரம்பிச்சு தொடை பின்பக்கம், கெண்டைக்கால், சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு இழுப்பு, குழாயை புடிச்சிட்டு அசையாம நின்னுட்டேன். அப்புறம் ஸ்கேன், மாத்திரை, பிசியோதெரபி. பிசியோ அக்கா சொல்லிக்கொடுத்து நான் மாசக்கணக்கா பண்ணினத, ரிப்போர்ட்டை கைல வச்சிட்டு பயந்து போயிருக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

பயிற்சிக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க. ஒண்ணுக்கு வராம அடைக்குது, இல்ல தெரியாமலே போயிடுது, மலம் அடக்க முடியல, உட்காரும்போது சீட்ல படுற இடம், பிறப்புறுப்பு சுத்தி மரத்துப் போச்சு, இதுல எது இருந்தாலும் பாய எடுக்காதீங்க, அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க, ராத்திரி 2 மணியா இருந்தாலும் சரி. அதே மாதிரி குதிகாலால நடந்து பாருங்க, அப்புறம் நுனிக்கால்ல நடந்து பாருங்க, ஒரு கால் தொங்குது இல்ல நாளுக்கு நாள் பலம் குறையுதுன்னா டாக்டர் தான் முதல்ல, பயிற்சி அப்புறம். அடிபட்டு வந்த வலி, காய்ச்சலோட வர்ற முதுகுவலி, கேன்சர் வந்தவங்க, எலும்பு தேய்மானம் ரொம்ப இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, இவங்களும் டாக்டர கேக்காம எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

உள்ள என்ன நடக்குது

நம்ம ஊர்ல ஜவ்வு விலகிடுச்சுன்னு சொல்றோம், ஆனா டிஸ்க் எங்கயும் நகர்ந்து போறதில்ல. கொழுக்கட்டைய முன்பக்கம் அழுத்துனா பூரணம் பின்னாடி பிதுங்கும்ல, அதே கதைதான். டிஸ்க்கோட வெளி வளையம் நைஞ்சு கிழிஞ்சு உள்ள இருக்கிற ஜெல்லி பின்பக்கமா வந்து நரம்ப தொடுது. பெரும்பாலும் எல்5-எஸ்1ல, இல்ல அதுக்கு மேல இருக்கிற எல்4-எல்5ல தான் வரும், ஏன்னா மேல் உடம்போட பாரம் முழுக்க அங்க தான் வந்து இறங்குது.

நான் ராத்திரி அழுதிட்டிருந்தப்ப பிசியோ அக்கா சொன்ன ஒரு விஷயம் எனக்கு பெரிய தைரியம் குடுத்துச்சு. பிதுங்கின ஜெல்லிய உடம்பு வெளியாள் மாதிரி பாத்து வெள்ளணுக்கள அனுப்பி கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும், பெருசா பிதுங்கினது தான் பல சமயம் நல்லா கரையும். அதனால ரிப்போர்ட்ல பெருசுன்னு போட்டிருந்தா உடனே ஆபரேஷன்னு மனசு உடைஞ்சிடாதீங்க, பெரும்பாலானவங்களுக்கு சில வாரம் சில மாசத்துல கத்தி இல்லாமலே குறையுது.

வலி எந்த பக்கம் போகுதுன்னு பாருங்க

இந்த பதிவுல ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிறீங்கன்னா இதை வச்சுக்கோங்க. பயிற்சி பண்ணும்போது கால்ல இருக்கிற வலி மேல ஏறி, பாதத்துல இருந்து கெண்டைக்கால், அங்க இருந்து தொடை, புட்டம், கடைசில இடுப்புக்குள்ள வந்து நின்னா அது நல்ல அறிகுறி, இடுப்பு வலி கொஞ்சம் கூடின மாதிரி இருந்தாலும் நல்லதுதான். வலி கீழ இறங்கி பாதத்துக்கு போச்சுன்னா அந்த பயிற்சி உங்களுக்கு இப்ப ஆகாது, நிறுத்திடுங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு சரியாச்சுன்னு பல்லை கடிச்சிட்டு பண்ணக் கூடாது.

இத கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்ப பிடிக்கும். 1956, நியூசிலாந்து வெலிங்டன்ல ராபின் மெக்கென்சின்னு ஒரு பிசியோதெரபிஸ்ட். கால் வலியோட வந்த ஒரு பேஷண்ட், தலைப்பக்கம் தூக்கி விட்டிருந்த டேபிள்ல அப்படியே குப்புற படுத்துட்டார், முதுகு பின்பக்கமா வளைஞ்ச நிலையில. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பாத்தா கால் வலி போயிடுச்சுங்கிறார், அந்த காலத்துல அப்படி படுக்கிறதே ஆபத்துன்னு தான் நினைச்சிட்டிருந்தாங்க. மெக்கென்சி முறை அதுல இருந்து வளர்ந்தது தான்.

முதல் படி: குப்புற படுக்கிறது

மெத்தை வேண்டாம், தரைல பாய் இல்ல யோகா மேட். குப்புற படுத்து தலைய ஒரு பக்கம் திருப்பி 2 நிமிஷத்துல இருந்து 5 நிமிஷம் சும்மா மூச்சு விடுங்க. அதுவே வலிச்சா வயித்துக்கு கீழ ஒரு மெல்லிசான தலகாணி வச்சுக்கோங்க, 2 நாள் கழிச்சு எடுத்துடலாம். இது பழகினதும் முழங்கைய ஊனி நெஞ்ச மட்டும் தூக்கி 2 நிமிஷம், குழந்தைங்க படுத்துட்டு டிவி பாக்குமே அப்படி. அதுவும் ஓகேன்னா உள்ளங்கைய ஊனி கைய மெதுவா நீட்டி மேல் உடம்ப தூக்குங்க, இடுப்பும் தொடையும் தரையிலேயே தளர்வா கிடக்கணும், புட்டத்த இறுக்கக் கூடாது, மேல போனதும் மூச்சை விட்டுட்டு இறங்குங்க. 10 தடவை, 2-3 மணி நேரத்துக்கு ஒரு முறை. எனக்கு 4வது நாள் சுண்டுவிரல் மரமரப்பு போய் கெண்டைக்கால்ல வந்து நின்னுச்சு, அன்னைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

ஆனா முதுகெலும்பு கால்வாய் சுருங்கினவங்களுக்கும், எலும்பே முன்னாடி சரிஞ்சவங்களுக்கும் பின்னாடி வளையிறது பல சமயம் ஒத்துக்காது. ரிப்போர்ட்ல ஸ்டெனோசிஸ், லிஸ்தீசிஸ்னு இருந்தா கேட்டுட்டு பண்ணுங்க.

இரண்டாவது: நடை

முழுசா படுத்தே கிடக்கிறது உதவாது, வலி உச்சத்துல இருக்கிற ஒண்ணு ரெண்டு நாள் போதும். வீட்டுக்குள்ளயோ மொட்டை மாடியிலயோ 5 நிமிஷம், ஒரு நாளைக்கு 3 தடவை, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. கால்ல இழுப்பு ஏறுற முன்னாடியே நிறுத்திடணும்.

மூன்றாவது: நரம்ப லேசா ஓட விடுறது

மல்லாக்க படுத்து வலிக்கிற பக்க தொடைய ரெண்டு கையால புடிச்சு நேரா மேல நிறுத்துங்க, முட்டி மடங்கி இருக்கட்டும். இப்ப முட்டிய மெதுவா நீட்டுங்க, இழுப்பு ஆரம்பிக்கிற இடம் வந்ததும் உடனே மடக்கிடுங்க. 10 தடவை. இழுத்து புடிச்சு நிறுத்துற ஸ்ட்ரெச்சிங் கிடையாது இது, வீங்கி எரிச்சல்ல இருக்கிற நரம்ப இழுத்தா ராத்திரி தூக்கம் போயிடும், நான் ஒரு நாள் ஆர்வத்துல பண்ணி அனுபவிச்சேன்.

நான்காவது: இடுப்புக்கு காவல்

கால் வலி பாதிக்கு மேல குறைஞ்சப்புறம் தான் இது. கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டில முதுகெலும்பு ஆராய்ச்சி பண்ண ஸ்டூவர்ட் மெக்கில் சொன்ன 3 பயிற்சி. ஒண்ணு, மல்லாக்க படுத்து ஒரு கால் மடக்கி ஒரு கால் நீட்டி, ரெண்டு கையையும் இடுப்பு வளைவுக்கு கீழ வச்சு, தலையும் தோளும் தரைய விட்டு லேசா, ஒரு விரல் அளவு தூக்குறது, முதுகு மடங்கவே கூடாது. ரெண்டு, ஒருக்களிச்சு படுத்து முழங்கை, முட்டி ரெண்டையும் ஊனி இடுப்ப தூக்குறது. மூணாவது பேர்ட் டாக், யானை ஏத்தி விளையாடுறப்ப கையையும் முட்டியையும் ஊனி மண்டி போடுவோமே அந்த நிலையில வலது கையும் இடது காலும் நீட்டி, அப்புறம் மாத்தி. முதுகு மேல ஒரு டம்ளர் தண்ணி இருக்கிறதா நினைச்சுக்கோங்க. யாராச்சும் வயித்துல குத்த வந்தா எப்படி இறுக்குவீங்களோ அப்படி லேசா இறுக்குங்க, மூச்சு மட்டும் ஓடிட்டே இருக்கணும். ஒவ்வொரு பிடியும் 10 செகண்டுக்கு மேல வேண்டாம். முதல் சுத்து 6 தடவை, அடுத்த சுத்து 4, அப்புறம் 2.

சிட்-அப்ஸ், குனிஞ்சு கால் விரல தொடுறது, யாராச்சும் முறிச்சு விடுறேன்னு முதுகுல ஏறுறது, மூணும் வேண்டவே வேண்டாம்.

காலைல எழுந்து முதல் 1 மணி நேரம் குனியாதீங்க, ராத்திரி பூரா டிஸ்க் தண்ணி உறிஞ்சி உப்பி இருக்கும். எழும்போதும் ஒருக்களிச்சு திரும்பி, கால கட்டிலுக்கு கீழ விட்டு, கைய ஊனி எழுங்க. பயிற்சிய மதியமோ சாயங்காலமோ வச்சுக்கலாம்.

கடைசியா குனிய கத்துக்கிறது. ஒட்டடைக்கம்ப முதுகோட சேத்து நேரா புடிங்க, தலை பின்பக்கம், மேல் முதுகு, வால் எலும்பு மூணு இடத்துலயும் கம்பு ஒட்டணும். முட்டிய லேசா மடக்கி புட்டத்த பின்னாடி தள்ளி சாயுங்க, கம்பு எங்கயாச்சும் விலகினா முதுகு வளையுதுன்னு அர்த்தம். இது பழகினப்புறம் காலி குடத்துல ஆரம்பிங்க, ஒரு வாரம் கழிச்சு கால் குடம் தண்ணி. 6 வாரம் ஒழுங்கா பண்ணியும் கால் வலி அசையலன்னா ரிப்போர்ட்ட எடுத்துட்டு திரும்ப டாக்டர்கிட்ட போங்க, ஊசியோ ஆபரேஷனோ அப்ப பேசலாம். எந்த பயிற்சில வலி எங்க வரைக்கும் போச்சுன்னு தேதி போட்டு எழுதி வச்சிருந்தா அந்த நோட்டையும் கொண்டு போங்க, என் டாக்டர் ஸ்கேன் படத்தை விட அத தான் ரொம்ப நேரம் பாத்தார்.