அயனிமண்டலத் தரவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரிய ஒளியால் எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து கிடக்கும் மேல் வளிமண்டலம்தான் அயனிமண்டலம். பாடப்புத்தகப் படங்களில் அதைக் கீழிருந்து மேலாக டி, இ, எஃப் என்று அடுக்குகளாகக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். வானத்தில் அப்படிக் கோடு கிடையாது. பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு ஏறக்குறைய கரைந்துவிடும். எஃப் அடுக்கு மெலிந்தாலும் விடிய விடிய இருக்கும். அதனால் எந்த அளவீட்டை எடுத்தாலும் அந்த இடத்தின் உள்ளூர் நேரத்தை முதலில் பாருங்கள். தரவுக் கோப்பில் இருப்பது பெரும்பாலும் உலக நேரம். இதைக் கவனிக்காமல் இரவைப் பகலாகப் படித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது அயனோகிராம், அதாவது எந்த அதிர்வெண் எந்த உயரத்திலிருந்து திரும்புகிறது என்று காட்டும் படம். அயனோசோண்ட் கருவி ரேடியோ துடிப்பை மேலே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி, பாதியாக்கி உயரம் சொல்கிறது. ஆனால் எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதியில் துடிப்பு மெதுவாகப் போகும். ஆகவே படத்தில் தெரிவது உண்மை உயரத்தைவிட அதிகமான தோற்ற உயரம். அடுக்கு திருப்பி அனுப்பக்கூடிய உச்ச அதிர்வெண்ணை நெருங்க நெருங்க எஃப் கோடு சுவர்போலச் செங்குத்தாக ஏறும். அடுக்கே மேலே போய்விட்டது என்று புதியவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். உண்மையில் துடிப்பு அங்கே தயங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

சரி, சூரியன் உச்சியில் நிற்கும் நிலநடுக்கோட்டில்தானே எலக்ட்ரான்கள் அதிகம் இருக்க வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பூமியின் காந்த நடுக்கோட்டின் மேல் பகலில் மின்புலம் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்-அயனிக் கலவையை, உயரே தூக்குகிறது. அது காந்தக் கோடுகள் வழியே இருபுறமும் சரிந்து, சுமார் 15 பாகை தள்ளி வடக்கிலும் தெற்கிலும் குவிகிறது. நடுவில் பள்ளம், இருபக்கமும் மேடு. இதை விட்டுவிட்டு வரையும் வரைபடம் தப்பாகத்தான் வரும்.

சூரியனின் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் குலுங்கும் காந்தப் புயல் வந்தால் எலக்ட்ரான் கூடும் என்றும் முடிவுகட்ட வேண்டாம். 300 கி.மீ. உயரத்தில்கூட அயனிகளைவிட நடுநிலைத் துகள்கள்தான் பல மடங்கு அதிகம். புயல் அந்த வாயுவைச் சூடாக்கி அதன் கலவையை மாற்றினால், எலக்ட்ரான்கள் குறையவும் செய்யும்.

அப்புறம் ஜி.பி.எஸ். அதன் சிக்னல் அயனிமண்டலத்தைக் கடக்கும்போது, சிக்னலில் ஏற்றிய குறியீடு தாமதமாகும், அதைச் சுமக்கும் அலையின் கட்டம் முந்தும். இரண்டுக்கும் ஒரே குறி போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். இரட்டை அதிர்வெண் ரிசீவர் இந்தத் தாமதத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆனால் மாலைக்குப் பின் எழும், எலக்ட்ரான் குறைந்த பிளாஸ்மா குமிழிகளால் சிக்னல் படபடத்து ரிசீவரின் பிடி நழுவினால், அதனாலும் எதுவும் செய்ய முடியாது. அந்த நேரத் தரவைக் கெட்டது என்று அழித்துவிடாதீர்கள். குமிழி கடந்துபோன தடயம் அதில்தான் இருக்கிறது.